வாப்பாவின் காரும் வருசம் மாறின பம்பரும்

போன மாதம் வாப்பாவின் வொக்ஸ்வாகன் காரின் படத்தைப் போட்டதிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்விதான். "பம்பர் எங்க எடுத்தீங்க? எங்கட காருக்கும் சரிவருமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை. தவணைப் பரீட்சை விடைத்தாள் இன்னும் பாதி கிடக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறோம். நீளமான பதிவு. பழைய கார் இல்லாதவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போனாலும் கோபிக்க மாட்டோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். கட்டாரில் இருக்கும் நானா, பாடசாலையும் வீடுமாக இருக்கிற, இதை எழுதுகிற ஆள், அடுத்தது தங்கச்சி. வாப்பா மௌத்தான பிறகு கார் எங்கள் மூவருக்கும் பொது. ஆகவே ஒரு நட்டைக் கழற்றுவதென்றாலும் மூன்று பேரின் சம்மதம் வேண்டும். இதில் எங்கட உம்மாவின் கருத்து சேரவில்லை. அது தனி.

கார் 1300 பீட்டில். வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு தென்னந்தோட்டம் மட்டும்தான். உப்புக் காற்று காரில் முதலில் பிடித்த இடம் பம்பர். குரோம் பூசிய பம்பரை முன்னால் நின்று பார்த்தால் பளபளவென்று இருக்கும், துரு பின்பக்கத்திலிருந்து வரும். பூச்சு என்பது செம்பு, நிக்கல், அதற்கு மேல் மெல்லிய குரோம் என்று படை படையாக முகப்பில் ஏற்றுவது. முதுகுப் பக்கத்தில் அது ஒழுங்காக ஏறுவதில்லை. அங்கே சேறும் உப்பும் சேர்ந்து வருசக்கணக்கில் இருந்தால் ஒருநாள் துணியால் துடைக்கும்போது விரல் உள்ளே போகும். எங்கட முன் பம்பரில் விரல் போனது. பின் பம்பர் பரவாயில்லை, திரும்பப் பூசி எடுக்கலாம் என்ற நிலை.

பெயின்ட் வேலைக்குப் போன கார் பம்பர் இல்லாமல் திரும்பி வந்தது. ஆனால் பம்பரைத் தாங்கும் பிரெக்கட் நாலையும் கராஜ்காரர்கள் கழற்றவில்லை. மட்கார்ட்டைத் துளைத்துக்கொண்டு நாலு இரும்பு நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. தரம் ஆறு படிக்கும் பிள்ளையின் முழங்காலுக்குச் சரியாக வரும் உயரம். வந்த அன்று மாலையே தங்கச்சியின் மகன் பந்து எடுக்க ஓடி காலைக் கிழித்துக்கொண்டான். மூன்று தையல். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்: பம்பர் இல்லாமல் காரை முற்றத்திலோ ரோட்டிலோ வைப்பதானால் பிரெக்கட்டையும் கழற்றி உள்ளே வையுங்கள். எங்கட பாடசாலை ரோட்டிலேயே இப்படி நுனி நீட்டிய வான் ஒன்று நிற்கிறது. உரியவர் இதை வாசிப்பார் என்று நம்புகிறோம்.

இனிப் பம்பர். செய்தி கேள்விப்பட்ட மாமா ஒருவர் அடுத்த வெள்ளிக்கிழமையே முச்சக்கர வண்டியில் ஒரு சோடிப் பம்பரைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். அவருடைய கூட்டாளி ஒருவரின் உடைத்த பீட்டிலில் இருந்ததாம். சும்மா தந்தார், ஒரு சதமும் வாங்கவில்லை. நல்ல குரோம், பின்னால் துருவும் குறைவு. "வொக்ஸ்வாகன் எல்லாம் ஒண்டுதானே மகன், பூட்டுங்க" என்றார். 2020 இல் வாகன இறக்குமதி நின்று, 2022 இல் ரூபாவும் விழுந்த பிறகு பழைய காருக்கும் விலை, பழைய காரின் பழைய பம்பருக்கும் விலை. அந்த நேரத்தில் சும்மா வந்த சோடியை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆனால் வொக்ஸ்வாகன் எல்லாம் ஒன்றில்லை. பீட்டில் 2003 வரை செய்யப்பட்ட கார். கடைசியாக மெக்சிகோவில் நின்றபோது மொத்தம் இரண்டு கோடியே பதினைந்து இலட்சத்துக்கு மேல் வந்திருந்தது. வெளியே பார்த்தால் அதே ஆமை ஓடுதான். உள்ளே வருசத்துக்கு வருசம் மாற்றம். பம்பரைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் 1967 ஆகஸ்டில் வந்தது, அதாவது 1968 மொடலுக்கு. அதற்கு முன் இருந்தது வளைந்த மெல்லிய தகட்டுப் பம்பர், அதில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு கொம்புகள். அதற்குப் பிறகு வந்தது பெட்டி போல் சதுர வெட்டுள்ள தடித்த பம்பர், கொம்பு கிடையாது. அதோடு பம்பர் நிற்கும் உயரமும் கூடிவிட்டது. உயரம் கூடியதால் முன் பொனட்டையும் பின்னால் இருக்கிற என்ஜின் மூடியையும் கட்டையாக்கினார்கள். மட்கார்ட்டில் பிரெக்கட் வெளிவரும் துளையின் இடமும் மாறிற்று. ஒரு பம்பரை மாற்ற நினைத்து காரின் இரண்டு முனையையும் மாற்றியிருக்கிறார்கள்.

மாமா கொண்டுவந்தது சதுரப் பம்பர். எங்கட காரின் பதிவுப் புத்தகத்தில் 1966. ஆனால் புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள். வொக்ஸ்வாகன் கம்பனிக்கு மொடல் வருசம் தொடங்குவது ஆகஸ்டில். 1967 செப்டெம்பரில் செய்த கார் புத்தகத்தில் 1967 என்று இருக்கலாம், பம்பரைப் பொறுத்தவரை அது 1968. சரியான வழி சேசிஸ் இலக்கம். பின் சீற்றைத் தூக்கினால் நடுவில் ஓடும் முதுகெலும்பில் அடித்திருக்கும். 1964 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த சாதாரண பீட்டில் என்றால் முதல் இரண்டு தானமும் 11, மூன்றாவது தானம் மொடல் வருசத்தின் கடைசி எண். 116 என்றால் 1966 மொடல், 118 என்றால் 1968. அதற்கு முந்தின கார்களில் இலக்கத்தைப் பார்த்த உடனே வருசம் தெரியாது, பட்டியலோடு ஒப்பிட வேண்டும். இதிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மலிவான 1200 மொடலுக்கு 1968 க்குப் பிறகும் சில வருசம் பழைய தகட்டுப் பம்பரையே பூட்டினார்கள். ஆகவே இலக்கத்தையும் பார்க்க வேண்டும், மட்கார்ட்டின் துளையையும் பார்க்க வேண்டும். எங்கட இலக்கம் 116. துளை கீழே. சதுரப் பம்பருக்கு இடமில்லை.

இங்கேதான் வீட்டுக்குள் சண்டை. நானா கட்டாரிலிருந்து வீடியோ கோலில் வந்து நின்றார். லீவுக்கு வருவதற்குள் கார் ஓட வேண்டும், உம்மாவை அதில் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போக வேண்டும், இதுதான் அவருடைய திட்டம். "மட்கார்ட்ல ரெண்டு இஞ்சி மேல புதுசா ஒரு ஓட்டை வெட்டினா முடிஞ்சுது. பழைய ஓட்டைய வெல்ட் பண்ணி புட்டி போடு, பெயின்ட் அடி. யாருக்குத் தெரியப்போகுது?" மாமாவும் அவர் பக்கம். மாமாவிடம் ஒரு காலத்தில் மொரிஸ் மைனர் இருந்தது, அந்தக் காரைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்வார். அவர் எடுத்துவிட்ட உதாரணம் சாதாரணமானதில்லை.

மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948 இல் கார் வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருக்கு அகலம் போதாது என்று பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளி வைத்துப் பார்த்து, நாலு இஞ்சி கூட்டினால் அழகு என்று முடிவெடுத்தார். ஆனால் அதற்குள் ஒடுக்கமான காருக்கான பம்பர்களைச் செய்து குவித்துவிட்டார்கள். எறிய மனமில்லை. அவற்றையும் நடுவில் அறுத்து, நாலு இஞ்சித் துண்டு ஒன்றை இடையில் வைத்துப் பூட்டி விற்றார்கள். ஆரம்ப கால மைனர்களில் பம்பரின் நடுவில் அந்த ஒட்டுத் துண்டைக் காணலாம். பொனட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டையும் அந்த நாலு இஞ்சியின் அடையாளம்தான். "ஃபெக்டரிக்காரனே வெட்டி ஒட்டியிருக்கான், நீங்க வெட்டினா என்ன?" என்றார் மாமா.

பதில் சொல்ல எங்களுக்கு இரண்டு நாள் எடுத்தது. தங்கச்சிதான் கண்டுபிடித்தாள். மைனரில் பிழைத்த உறுப்பு பம்பர், அறுபட்டதும் பம்பர். ஆள் வாங்கிய காரில் யாரும் கை வைக்கவில்லை. இடைத்துண்டைப் பூட்டியதும் போல்ட்டில், வேண்டுமானால் கழற்றலாம். மட்கார்ட்டில் துளை வெட்டினால் கழற்றுவதற்கு என்ன இருக்கிறது?

ஊர் டிங்கரிங் பாஸ் அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். "சேர், வெட்ட எனக்கு அஞ்சு நிமிசம். அதுக்குப் பொறகு மழைத்தண்ணி எங்க போகும் எண்டு நீங்கதான் பாக்கணும்." புட்டி போட்ட இடம் கடற்கரை ஊரில் எத்தனை மாரிக்குத் தாங்கும் என்று எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இருந்தாலும் நானாவுக்குக் காட்ட வேண்டுமே. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் கற்பித்தல் துணைச்சாதனம் என்ற பேரில் அட்டையில் எரிமலை, இதயம், காற்றாலை என்று வெட்டித் தள்ளியவர்கள் நாங்கள். அந்தக் கைப்பழக்கம் இங்கே உதவிற்று. தடித்த அட்டையில் சதுரப் பம்பரை அளவெடுத்து வெட்டி, அது நிற்க வேண்டிய உயரத்தில் நூலால் கட்டித் தொங்கவிட்டோம். தூரத்திலிருந்து பார்த்தாலே காருக்கு மூக்கில் கட்டுப் போட்டது போல இருந்தது. அது போகட்டும். எங்கட நீளமான என்ஜின் மூடியின் கீழ் விளிம்பு அட்டைக்குப் பின்னால் மறைந்தது. மூடியைத் தூக்கப் போனால் விளிம்பு அட்டையில் வந்து இடித்தது. அட்டை வளைந்து கொடுத்தது, இரும்பு கொடுக்காது. வீடியோவில் நானா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, பழையதையே தேடுங்க" என்றார்.

தேடின கதையைச் சுருக்குகிறோம். பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் நடந்ததில் கால் வலியும் நல்ல இஞ்சித் தேநீரும் கிடைத்தன. ஒரு கடையில், "எல்லா வருசத்துக்கும் சரி சேர்" என்று சொல்லி எடுத்து வைத்ததும் சதுரப் பம்பர்தான். கடைசியில் முன்னுக்கு, வியட்நாமில் துருப்பிடிக்காத உருக்கில் செய்யும் பழைய பாணிப் பிரதி ஒன்றை எடுத்தோம். மூவரும் பங்கு போட்டும் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டது. பின்னுக்கு, வாப்பாவின் பம்பரையே கொழும்புக்கு அனுப்பித் திரும்பக் குரோம் பூசினோம்.

முன் பக்கம் ஒரு மாலையில் முடிந்தது. பின் பக்கம்தான் எங்களை நிறுத்தியது.

எங்கட காரின் பின் லைட் இரண்டும் ஒன்றுபோல் இல்லை என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும். வலது லைட் முட்டை வடிவம். இடது லைட் அகலமாக, அடியில் தட்டையாக, இஸ்திரிப்பெட்டி போல. பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகள் இதைச் சொல்லியே எங்களைக் கேலி செய்வார்கள். ஏன் என்று நாங்கள் கேட்டதேயில்லை. இப்போது சக்கரத்தைக் கழற்றி உள்ளே லைட் அடித்துப் பார்த்த பாஸ்தான் சொன்னார். இடது பின் மட்கார்ட் 1968 க்குப் பிந்தின காருடையது. பீட்டிலின் மட்கார்ட் போல்ட்டில் நிற்பதால் வருசம் மாறினாலும் பூட்டலாம். ஆனால் லைட்டின் துளை அந்த வருசத்துக்குரியது, பம்பர் பிரெக்கட்டின் துளையும் அந்த வருசத்துக்குரியது. மற்றப் பக்கத்தை விட உயரத்தில்.

அப்படியென்றால் இத்தனை வருசம் பம்பர் எப்படி நேராக நின்றது?

பிரெக்கட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தோம். வலது பக்கத்தில் இருந்தது கம்பனிப் பிரெக்கட். இடது பக்கத்தில் இருந்தது லொறியின் வில்லுத் தகட்டைக் காய்ச்சி அடித்த கைவேலை. உயரத்துத் துளையால் வெளியே வந்து, உடனே கீழே மடிந்து, பழைய பம்பரின் உயரத்துக்கு இறங்கி நிற்கிறது. சுத்தியல் அடித்த தடம் ஒவ்வொன்றும் தெரிகிறது. மட்கார்ட்டில் ஒரு வெட்டும் இல்லை. பம்பரில் புதுத் துளையும் இல்லை.

உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கையில் வாங்கிப் பார்த்தார். "இது அந்த லொறி ரிவேர்ஸ்ல வந்து அடிச்சப்ப செஞ்சது" என்றார். தொண்ணூறுகள். கொழும்புப் பாதை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று தெரியாத காலம். கிடைத்த மட்கார்ட் அது ஒன்றுதான், கிடைத்ததைப் பூட்டியிருக்கிறார்கள். பிரெக்கட் அடித்தது பக்கத்துத் தமிழ் ஊரின் கொல்லர். அந்த நாளையில் இரண்டு ஊருக்கும் இடையில் போக்குவரத்து எப்படி இருந்தது என்று எங்கட வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாப்பா சைக்கிளில் பம்பரைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார், அளவு பார்க்க. இரண்டு தரம். "போகாதீங்க எண்டு அழுதேன். பம்பர் இல்லாம காரை எப்படி ரோட்டுல விடுற, பிள்ளைகள் போற ரோடு எண்டு சொல்லிட்டுப் போனார்."

நானாவின் கடைசிக் கேள்வி இதற்குப் பிறகு வந்தது. முன்பே கொழும்பில் ஒருவர் காரைக் கேட்டிருந்தார், எல்லாம் ஒரே வருசத்துச் சாமானாக இருந்தால் விலை கூட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். சரியான மட்கார்ட் ஒன்றும் பெட்டிக்குள் வந்த லைட் ஒன்றும் எடுத்தால் கார் முழுமை. விலையும் சின்ன விலையில்லை. தங்கச்சி வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள், அவளுக்குத்தான் பணம் அவசரம். அவளே சொன்னாள், இடது மட்கார்ட் இருக்கட்டும் என்று. நானா ஒன்றும் எழுதவில்லை. அடுத்த நாள் பிரெக்கட்டைத் துருவெடுத்து கறுப்பு பெயின்ட் அடிக்கக் காசு அனுப்பினார்.

பூட்டப் போகிறவர்களுக்குச் சில விசயம். பிரதிப் பம்பர் எந்த நாட்டில் செய்ததானாலும் துளைகள் இரண்டு மூன்று மில்லிமீற்றர் தள்ளித்தான் இருக்கும். முதலில் எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் இறுக்கித் தொங்கவிடுங்கள். உயரத்தை நிலத்திலிருந்து அளக்காதீர்கள், ஒரு டயரில் காற்றுக் குறைந்தாலும் அளவு பொய்யாகிவிடும். பொடியிலிருந்து அளவுங்கள், இரண்டு பக்கமும். இடைவெளி வித்தியாசம் இருந்தால் வாசர் போட்டுச் சரிசெய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பிரெக்கட்டின் துளையை அரத்தால் நீட்டுங்கள். பம்பரின் துளையில் கை வைத்தால் பூச்சு உரியும், மட்கார்ட்டில் கை வைத்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டோம். இறுக்குவதற்கு முன் பொனட்டையும் என்ஜின் மூடியையும் முழுக்கத் திறந்து மூடிப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் திரும்பக் கழற்றுங்கள். ஆமாம், கழற்றுங்கள். குரோம் பம்பர் என்றால் முதுகுப் பக்கம் துருத் தடுப்பு பெயின்ட் இரண்டு கை அடித்து, காயவிட்டு, பிரெக்கட் வெளிவரும் துளைக்கு ரப்பர் வைத்து, அதற்குப் பிறகு பூட்டுங்கள். அவசரப்பட்டு இந்த இடத்தை விடுகிறவர்கள்தான் எங்களைப் போல விரல் போகும் துளையைப் பார்ப்பார்கள். வாப்பா வாங்கும் முன்பே அது பூசாமல் வந்த பம்பர்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவிலிருந்து பம்பர் எடுப்பித்தால் 1974 மொடலுக்குப் பிந்தினதா என்று கேளுங்கள். மணிக்கு எட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் மோதினாலும் காருக்கு முக்கிய சேதம் வரக்கூடாது என்று அங்கே சட்டம் வந்ததால், அந்த வருசங்களின் பம்பர் ஷொக் எப்சோபர் போன்ற குழாயில் நிற்கிறது. பாரம் கூட, வெளியே நீட்டும் தூரமும் கூட. நம்மட கார்களில் அதற்கு ஆசனமே இல்லை.

எங்கட காரில் இப்போது முன் பம்பர் இலேசான மஞ்சள் சாயலில் மின்னுகிறது, உருக்கின் இயல்பு அது. பின் பம்பர் குரோமின் நீல மினுக்கம். பின் லைட் இரண்டும் பழையபடி முட்டையும் இஸ்திரிப்பெட்டியும். படத்தில் பார்த்து, "லைட் மாறிப் போச்சே" என்று எழுதிய அத்தனை பேருக்கும் இதுதான் பதில். நானா வந்து, உம்மாவை முன் சீற்றில் வைத்து மட்டக்களப்புக்குப் போய் வந்தாயிற்று. திரும்பும் வழியில் களுவாஞ்சிக்குடியில் பெட்ரோல் அடித்த பையன் பின்னால் போய் நின்று நெடுநேரம் லைட்டைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

மாமா தந்த சதுரப் பம்பர் சோடி எங்கட விறாந்தையில் துணி சுற்றிக் கிடக்கிறது. பின் பம்பரின் வலது மூலையில் ஒரு சின்ன நெளிவு, மற்றபடி சுத்தம். மாமாவிடம் சம்மதம் கேட்டாயிற்று. காசு வேண்டாம். 1968 மொடலோ அதற்குப் பிந்தினதோ வைத்திருப்பவர்கள் அசருக்குப் பிறகு வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போகலாம். வருவதற்கு முன் பின் சீற்றைத் தூக்கி இலக்கத்தின் மூன்றாவது தானத்தை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு வாருங்கள். அது இல்லாமல் தர மாட்டோம்.